சாவி போட்டு விரிக்கிற மேல்தாடை

(இந்த எபிசோடில் பேசியதன் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு சின்ன சோதனையோட ஆரம்பிக்கலாம். மெட்ரோல போய்க்கிட்டே கேக்குறீங்கன்னாலும் பரவாயில்ல, வாயை மூடிக்கிட்டே செய்யலாம். நாக்கு நுனியை மேல் முன்பல்லுக்குப் பின்னாடி வெச்சு, அண்ணத்தோட நடுவுல மெதுவா பின்பக்கம் இழுங்க. மெல்லிசா ஒரு மேடு, ஒரு கோடு மாதிரி தட்டுப்படுதா?

அந்தக் கோட்டுக்கு மேலதான், எலும்புக்குள்ள, ஒரு இணைப்பு இருக்கு. நம்ம மேல்தாடை ஒரே எலும்பு இல்லை. இடது பாதி, வலது பாதின்னு ரெண்டு எலும்பு நடுவுல வந்து சேருது. சின்ன வயசுல அந்த இணைப்பு தளர்வா இருக்கும். வளர வளர இறுகிடும். இன்னைக்குப் பேசப்போறது முழுக்க அந்த ஒரு கோட்டைப் பத்திதான்.

நான் பல் சீரமைப்பு மருத்துவர். ஜனங்க பாஷையில 'கிளிப் டாக்டர்'. எங்ககிட்ட வர்றதுல ஒரு பெரிய கூட்டம் 22-லேர்ந்து 30 வயசுக்குள்ள இருக்கும். வேலைக்குப் போய், சொந்தக் காசு சேர்த்து, சின்ன வயசுல வீட்டுல போட முடியாத கிளிப்பை இப்பப் போட்டுக்கணும்னு வர்றவங்க. அதுல சிலர்கிட்ட மட்டும் நாங்க ஒண்ணு சொல்ல வேண்டியிருக்கு: "உங்க மேல்தாடை குறுகலா இருக்கு. முதல்ல அதை ஆபரேஷன் பண்ணி விரிக்கணும். அப்புறம்தான் கிளிப்."

உடனே முகம் மாறிடும். "பல்லை நேராக்கத்தானே டாக்டர் வந்தேன், எதுக்கு ஆபரேஷன்?" நியாயமான கேள்வி. ஓபி நேரத்துல பத்து நிமிஷத்துல இதுக்கு முழு பதில் சொல்ல முடியறதில்ல. இங்க சொல்றேன்.

டப்பாவும் மூடியும்

ஒரு டப்பாவுக்கு மூடி போடறோம். மூடி டப்பாவை விடக் கொஞ்சம் பெருசா இருந்தாத்தான் வெளிப்பக்கமா உக்காரும். நம்ம வாயும் அப்படித்தான். மேல் பல்வரிசை கீழ் பல்வரிசையை விடக் கொஞ்சம் அகலம். கடிக்கும்போது மேல் கடைவாய்ப்பல் கீழ்ப்பல்லை வெளிப்பக்கமா மூடிக்கிட்டு உக்காரணும்.

மேல்தாடை குறுகிப்போனா இது தலைகீழா ஆயிடும். மேல்பல் உள்பக்கம் விழும், கீழ்ப்பல் வெளியே நிக்கும். இதுக்குப் பேர் கிராஸ்பைட். ஒரு பக்கமும் இருக்கலாம், ரெண்டு பக்கமும் இருக்கலாம். சில பேருக்கு, கடிக்கிறதுக்கு வசதியா கீழ்த்தாடையே ஒரு பக்கமா நகர்ந்து உக்காரும். செல்ஃபியில முகவாய்க்கட்டை ஒரு ஓரமா போற மாதிரி தெரியும். வளர்ற வயசுல இது வருஷக்கணக்கா நீடிச்சா, கீழ்த்தாடையே ஒரு பக்கம் கூடுதலா வளரலாம்.

குறுகலுக்குக் காரணம் பல. பரம்பரை ஒண்ணு. ரொம்ப நாள் விரல் சூப்பற பழக்கம் ஒண்ணு. மூக்கடைப்பு, அடினாய்டுன்னு வாய் வழியா மூச்சு விடற குழந்தைகளுக்கு நாக்கு அண்ணத்துல ஒட்டாம கீழேயே கிடக்கும். உள்ளேயிருந்து நாக்கு தாங்கலைன்னா, வெளியேயிருந்து கன்னத்தோட அழுத்தம் ஜெயிச்சிடும். பிளவுபட்ட அண்ணத்தோட பிறந்து தையல் போட்டவங்களுக்கு, அந்தத் தழும்பே எலும்பு அகலமா வளர விடாமப் பிடிச்சு வைக்கும்.

இப்ப முக்கியமான விஷயம். குறுகல்ல ரெண்டு வகை இருக்கு. எலும்பு சரியான அகலத்துலதான் இருக்கும், பல் மட்டும் உள்பக்கம் சாய்ஞ்சிருக்கும். இது ஒண்ணு. பல் நேராத்தான் நிக்கும், ஏன் வெளிப்பக்கம் சாய்ஞ்சுகூட நிக்கும், ஆனா அது நிக்கிற எலும்பே குறுகல். இது இன்னொண்ணு. கண்ணாடியில பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். வைத்தியம் மட்டும் முழுக்க வேற. அதனால டாக்டர்கிட்ட நீங்க கேட்க வேண்டிய முதல் கேள்வி: "எனக்குக் குறுகலா இருக்கறது பல்லா, எலும்பா?"

1860-இல் ஒரு சிறுமி, ஒரு திருகு

தாடையை விரிக்கறது புது டெக்னாலஜின்னு நினைக்காதீங்க. 1860-இல் சான் பிரான்சிஸ்கோவில் எமர்சன் ஏஞ்சல் என்ற பல் மருத்துவர், 14 வயசுப் பொண்ணு ஒருத்திக்கு மேல்பற்களுக்கு நடுவுல ஒரு திருகைப் பொருத்தி, அதைத் தினமும் திருப்ப வெச்சார். ரெண்டு வாரத்துல அவளோட முன்பல் ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி விழுந்தது. ரெண்டு எலும்பும் பிரிஞ்சிருக்குன்னு அவர் எழுதினார். சக மருத்துவர்கள் நம்பலை. நிரூபிக்க அவர்கிட்ட எக்ஸ்ரேயும் இல்லை. எக்ஸ்ரேயே 1895-இல்தான் கண்டுபிடிச்சாங்க. 1961-இல் ஆண்ட்ரூ ஹாஸ் என்ற அமெரிக்க மருத்துவர் ஆதாரங்களோட எழுதின பிறகுதான் இந்த முறை பரவலாச்சு.

குழந்தைகளுக்கு இன்னைக்கும் இதே வேலைதான் நடக்குது. அண்ணத்துல ஒரு ஸ்க்ரூ, திருப்ப ஒரு குட்டி சாவி. ஒரு திருப்புக்குக் கால் மில்லிமீட்டர் அளவு. அம்மாவோ அப்பாவோ வீட்டுலயே திருப்பிடலாம். 9, 10 வயசுப் பிள்ளைங்க ரெண்டு நாள்ல பழகிடுவாங்க. கத்தி இல்லை, ரத்தம் இல்லை.

அப்ப 25 வயசுல ஏன் அதையே பண்ண முடியலை?

இறுகிப்போன இணைப்பு

பிர்தே மெல்சன் என்ற ஆய்வாளர் 1975-இல், இறந்தவர்களோட அண்ணத்துலேர்ந்து எடுத்த எலும்புத் துண்டுகளை வெச்சு இதைக் காட்டினார். சின்ன வயசுல அந்த இணைப்பு அகலமா, ஏறக்குறைய நேரா இருக்கு. பிறகு வளைஞ்சு நெளியுது. பருவ வயசுக்கு மேல ரெண்டு பக்கத்து எலும்பும் பல்லுப் பல்லா ஒண்ணுக்குள்ள ஒண்ணு கோத்துக்குது. ரெண்டு கை விரலையும் கோத்து இறுக்கிப் பிடிச்சுப் பாருங்க. அப்படி.

இன்னொண்ணும் இருக்கு. மேல்தாடை தனியா மிதக்கலை. ரெண்டு பக்கமும் கன்ன எலும்போட பிணைஞ்சிருக்கு. பின்பக்கம் மண்டையோட்டு அடியிலேர்ந்து இறங்கற எலும்புத் தூண்களோட ஒட்டியிருக்கு. நடு இணைப்பு விட்டாலும் இதெல்லாம் விடாது.

இந்த நிலைமையில வெறும் ஸ்க்ரூவைப் பல்லுல மாட்டித் திருகினா என்ன ஆகும்? எலும்பு அசையாது. விசையெல்லாம் பல்லு மேல போகும். பல் வெளிப்பக்கம் சாயும். பல்வேருக்கு வெளியே இருக்கற எலும்பு ரொம்ப மெல்லிசு. அது கரைஞ்சு, ஈறு இறங்கி, வேர் வெளியே தெரிய ஆரம்பிக்கும். வலி தனி.

இது வெறும் புத்தகப் பயம் இல்லை. என்கிட்ட வந்த ஒரு தம்பி, 24 வயசு. ரெண்டு பக்கமும் கிராஸ்பைட், எலும்புக் குறுகல். வேற ஒரு இடத்துல ரெண்டு வருஷமா கம்பியை மாத்தி மாத்திப் போட்டுப் பல்லை வெளிப்பக்கம் தள்ளியிருக்காங்க. கடி சரியாகலை. மேல் கடைவாய்ப்பல் நாலுலயும் ஈறு இறங்கியாச்சு. "ஐஸ்க்ரீம் சாப்பிட்டு ஒரு வருஷம் ஆச்சு டாக்டர்"னு சொன்னான். அவனுக்கு ஆபரேஷன் எப்படியும் தேவைப்பட்டது. அதுக்கு முன்னாடி ஈறுக்குத் தனி வைத்தியமும் தேவைப்பட்டது. முதல் நாளே யாராவது எலும்பை அளந்து பார்த்திருந்தா, ஈறு மிஞ்சியிருக்கும்.

வயசு ஒண்ணை மட்டும் வெச்சு முடிவு பண்ண முடியாது. 15-லேர்ந்து 19 வயசுக்குள்ளேயே இணைப்பு மூடிக்கிட்டவங்களும் ஆய்வுகள்ல இருக்காங்க. 27, 32, ஏன் 71 வயசுலகூட முழுசா மூடாதவங்களும் பதிவாகியிருக்காங்க. அதனாலதான் சிபிசிடின்னு ஒரு முப்பரிமாண ஸ்கேன் எடுக்கச் சொல்றோம். 2013-இல் ஆஞ்செலியேரி என்ற ஆய்வாளரும் குழுவினரும் அந்த ஸ்கேனைப் பார்த்து இணைப்பை ஏ முதல் இ வரை அஞ்சு நிலையாப் பிரிக்கிற முறையை வெளியிட்டாங்க. இதுவும் ஜாதகம் மாதிரி உறுதி இல்லை, ஒரு வழிகாட்டிதான். ஆனா வயசை மட்டும் பார்த்துச் சொல்றதை விட நல்லது.

ஆபரேஷன் அறையில்

முழுப்பேர் கொஞ்சம் நீளம்: சர்ஜிக்கலி அசிஸ்டட் ரேபிட் பேலட்டல் எக்ஸ்பேன்ஷன். நாங்க சுருக்கமா 'சார்ப்பி'னு சொல்லுவோம். 'அசிஸ்டட்' என்ற வார்த்தையைக் கவனிங்க. ஆபரேஷன் தாடையை விரிக்கறதில்ல. விரியறதுக்குத் தடையா இருக்கறதை வெட்டி விடுது. விரிக்கறது ஸ்க்ரூதான்.

ஆபரேஷனுக்கு முன்னாடியே நாங்க ஸ்க்ரூவைப் பொருத்திடுவோம். பிறகு ஆஸ்பத்திரியில, பெரும்பாலும் முழு மயக்கம் கொடுத்து, முகத்தாடை அறுவை நிபுணர் செய்வார். மேல் உதட்டுக்கு உள்பக்கம்தான் கீறல், வெளியே தழும்பு தெரியாது. மூக்குத் துவார ஓரத்துலேர்ந்து கன்ன எலும்புத் தாங்கல் வழியா பின்பக்கம் வரைக்கும், ரெண்டு பக்கமும் எலும்பை வெட்டுவாங்க. பின்பக்கத் தூண்லேர்ந்து பிரிக்கறதைச் சில நிபுணர்கள் செய்வாங்க, சிலர் தேவையில்லைன்னு விடுவாங்க. அப்புறம் மெல்லிய உளி ஒண்ணை ரெண்டு முன்பல் வேருக்கு நடுவுல வெச்சு, நடு இணைப்பைத் தட்டித் திறப்பாங்க. அங்கேயே ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருகி, ரெண்டு பக்கமும் சமமா நகருதான்னு பார்த்துட்டு, மறுபடி பழைய நிலைக்குக் கொண்டுவந்துடுவாங்க.

அப்புறம் அஞ்சு முதல் ஏழு நாள் சும்மா இருக்கணும். ஏன்? இங்க ஒரு ரஷ்யக் கதை இருக்கு. சைபீரியாவில் குர்கான் என்ற ஊர்ல, 1950-களில் காவ்ரீல் இலிசாரோவ் என்ற மருத்துவர் உடைஞ்ச கால் எலும்புகளைச் சுத்தி வளையம் மாட்டிச் சிகிச்சை பண்ணினார். வெட்டின எலும்பை மெதுவா விலக்கினா, நடுவுல இருக்கற இடைவெளியில புது எலும்பே வளருதுன்னு கண்டுபிடிச்சார். குட்டையான காலை நீளமாக்க இன்னைக்கும் அதே தத்துவம்தான். சார்ப்பியும் அதேதான். முதல்ல ஆற ஆரம்பிக்கற திசு உருவாகணும். அதைத்தான் நாம மெதுவா இழுக்கறோம்.

வேகமாத் திருகினா எலும்பு உருவாகாம கிழியும். ரொம்ப மெதுவாப் போனா நடுவுலயே ஒட்டிக்கும். பொதுவான கணக்கு ஒரு நாளைக்கு அரை மில்லிமீட்டர். காலையில ஒரு திருப்பு, ராத்திரி ஒரு திருப்பு. ஏழு மில்லிமீட்டர் வேணும்னா ரெண்டு வாரம். அப்புறம் ஸ்க்ரூவைப் பூட்டிட்டு, மூணு முதல் ஆறு மாசம் வரைக்கும் அப்படியே விடணும். அந்த நேரத்துலதான் இடைவெளியில எலும்பு கெட்டியாகும்.

அந்த ரெண்டு வாரம்

யாரும் முன்கூட்டியே சொல்லாத விஷயங்களைச் சொல்லிடறேன்.

வீக்கம் ரெண்டாவது, மூணாவது நாள்லதான் அதிகமா இருக்கும். அப்புறம் வடியும். மூக்கு அடைச்சுக்கும், லேசா ரத்தம் கசியலாம். டாக்டர் சொல்ற வரைக்கும் மூக்கைச் சிந்தக்கூடாது. சாப்பாடு: கஞ்சி, ராகிக் கூழ், குழைச்ச ரசம் சாதம், இட்லியைச் சாம்பார்ல ஊறவெச்சு நசுக்கினது. முறுக்குக்கு ரொம்ப நாளைக்கு லீவு. சாப்பிட்டது அந்த ஸ்க்ரூவுல போய் மாட்டிக்கும், ஒவ்வொரு தடவையும் கழுவணும்.

பேச்சு குழறும். 'ட', 'ண', 'ல' சொல்ல நாக்கு அண்ணத்தைத் தொடணும், அங்க இப்ப இரும்பு இருக்கு. ஒரு வாரத்துல நாக்கு பழகிடும். முக்கியமான பிரசன்டேஷன் இருந்தா அந்த வாரத்துல வைக்காதீங்க.

சாவியில மறக்காம நூல் கட்டிக்குங்க. கை தவறி உள்ளே விழுந்தா இழுத்து எடுக்கலாம். எத்தனை திருப்பு போட்டோம்னு காலண்டர்ல குறிங்க.

நாலஞ்சு நாள்ல முன்பல் நடுவுல சந்து விழும். ரெண்டாவது வாரத்துல கண்ணாடியைப் பார்த்தா, "ஐயோ, என்னமோ ஆயிடுச்சு"னு தோணும். அதுதான் எலும்பு பிரிஞ்சதுக்கு அடையாளம். ஏஞ்சலோட நோயாளிக்கு வந்த அதே சந்து. அது விழலைன்னாத்தான் எங்களுக்குக் கவலை. ஈறு நார்கள் இழுத்து அதுல பாதி தானாவே மூடும், மீதியைக் கிளிப் மூடும். ஆனா சில மாசம் ஆகும். வீட்டுல கல்யாணப் பேச்சு போகுதுன்னா, நிச்சயத் தேதியை டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லிடுங்க. சிரிப்பு வரலாம். ஆல்பத்துல முப்பது வருஷம் இருக்கப்போற போட்டோ அது.

என்ன தப்பாப் போகலாம்

கன்னத்துலயும் மேல் உதட்டுலயும் மரத்துப்போன மாதிரி இருக்கும். பெரும்பாலானவங்களுக்கு வாரங்கள்லயோ மாசங்கள்லயோ திரும்பிடும். சிலருக்குக் கொஞ்சம் மிச்சம் இருக்கலாம். முன்பல் வேருக்குப் பக்கத்துல உளி போறதால, அந்தப் பல் நிறம் மாறவோ உயிரோட்டம் போகவோ வாய்ப்பு உண்டு. ஒரு பக்கம் மட்டும் கூடுதலா நகரலாம். ரத்தக்கசிவு, சைனஸ் தொந்தரவு வரலாம். பெரிய ரத்தப்போக்கு அபூர்வம், ஆனா இல்லாத ஒண்ணு இல்லை. மூக்கோட அடிப்பகுதி லேசா அகலமாகும். அது உங்களுக்குப் பிரச்சினைன்னா, தையல் போடும்போது அதைக் கட்டுப்படுத்த வழி உண்டு, ஆபரேஷனுக்கு முன்னாடியே கேளுங்க. கடைசியா, விரிஞ்சது கொஞ்சம் பின்வாங்கும். அதனாலதான் தேவையை விடச் சற்று கூடுதலா விரிக்கறோம், முடிஞ்சப்புறமும் ரிட்டெய்னர் போடச் சொல்றோம்.

ஆபரேஷன் இல்லாம முடியாதா?

சில பேருக்கு முடியும். குறுகல் சின்னதா, அதுவும் பல் உள்சாய்வால வந்ததா இருந்தா, கிளிப்போ அலைனரோ போதும். ஆனா அலைனர் விளம்பரத்துல வர்ற 'விரிவாக்கம்' என்ற வார்த்தையைக் கவனமாப் படிங்க. பெரியவங்களுக்கு அது பல்லைச் சாய்க்கும், எலும்பைப் பிரிக்காது. நாக்கை அண்ணத்துல அழுத்திக்கிட்டே இருந்தா தாடை விரியும்னு ரீல்ஸ்ல வர்ற 'மியூயிங்'கும் 25 வயசு எலும்பை விரிக்காது.

இன்னொரு வழி மார்ப்பி. பல்லுக்குப் பதிலா அண்ண எலும்புலயே குட்டி ஸ்க்ரூக்களைப் பதிச்சு, விசையை நேரா எலும்புக்குக் கொடுக்கறது. 2010-இல் தென் கொரியாவிலிருந்து வந்த ஒரு கட்டுரைக்கு அப்புறம் இது பேசப்பட ஆரம்பிச்சது. மரத்துப்போற ஊசி போட்டே பதிச்சுடலாம். பதின்ம வயசு முடியற கட்டத்துல, இருபதுகளோட தொடக்கத்துல நல்லா வேலை செய்யுது. வயசு ஏற ஏற வெற்றி வாய்ப்பு குறையும், குறிப்பா ஆண்களுக்கு. முயற்சி பண்ணிப் பிரியலைன்னா சார்ப்பிக்குப் போகணும். அதை முதல் நாளே பேசிக்கணும்.

மேல்தாடையை முன்னாடி, பின்னாடி நகர்த்த எப்படியும் ஒரு பெரிய ஆபரேஷன் தேவைப்படறவங்களுக்கு, அதே ஆபரேஷன்ல தாடையைத் துண்டுகளாப் பிரிச்சு ஓரளவு அகலப்படுத்தலாம். ரெண்டு தடவை மயக்கம் தேவையில்லை. ஆனா ரொம்பப் பெரிய குறுகலுக்கு அது நிலைக்காது.

கடைசி வழி, எதுவும் பண்ணாம விடறது. இதை நாங்க சொல்லத் தயங்கறோம், ஆனா சொல்லணும். ஒரு டீச்சர், 28 வயசு. ஒரு பக்கம் கிராஸ்பைட். வலி இல்லை, ஈறு ஆரோக்கியம், தேய்மானம் இல்லை, முகம் கோணலை. அவங்களுக்கு வேண்டியது முன்பல்லு ரெண்டு நேராகணும், அவ்வளவுதான். ரெண்டு தடவை உக்காந்து பேசினோம். கிராஸ்பைட்டை விட்டுட்டு முன்பல்லை மட்டும் சரி பண்ணினோம். வருஷத்துக்கு ஒரு தடவை வந்து ஈறையும் தேய்மானத்தையும் காட்டிட்டுப் போறாங்க. கிராஸ்பைட்டோட நிம்மதியா வாழ்ந்து முடிச்ச தாத்தா பாட்டிங்க நம்ம எல்லார் வீட்டுலயும் உண்டு.

குறட்டைக்காக இதைக் கேட்டு வர்றவங்களுக்கும் ஒரு வார்த்தை. அண்ணம்தான் மூக்கோட தரை. அது அகலமானா மூச்சு போற வழியும் அகலமாகும். ஸ்டான்ஃபோர்டுல தூக்கத்துல மூச்சு நிக்கற பிரச்சினைக்கு, அண்ணம் குறுகலா இருக்கற பெரியவங்களைத் தேர்ந்தெடுத்து இப்படி விரிச்சுப் பார்த்திருக்காங்க, பலருக்குப் பலன் தெரிஞ்சிருக்கு. 'தேர்ந்தெடுத்து' என்பதுதான் முக்கியம். முதல்ல ஸ்லீப் டெஸ்ட், காது மூக்கு தொண்டை டாக்டர். தாடை அதுக்கப்புறம்.

கேட்டுட்டு வாங்க

அடுத்த தடவை யாராவது "மேல்தாடையை விரிக்கணும்"னு சொன்னா, பயந்து ஓடவும் வேண்டாம், உடனே கையெழுத்துப் போடவும் வேண்டாம். இதையெல்லாம் கேளுங்க.

குறுகலா இருக்கறது பல்லா, எலும்பா? எத்தனை மில்லிமீட்டர்?
ஸ்கேன்ல என் நடு இணைப்பு எந்த நிலையில இருக்கு?
மார்ப்பி எனக்குச் சரிவருமா? தோத்தா அடுத்து என்ன, அதோட செலவு என்ன?
பின்னாடி இன்னொரு தாடை ஆபரேஷன் தேவைப்படுமா?
எதுவும் பண்ணாம விட்டா பத்து வருஷத்துல என்ன ஆகும்?

கடைசிக் கேள்விக்கு நேரான பதில் வரலைன்னா, வேற ஒரு நிபுணர்கிட்டயும் போய்க் கேளுங்க. செலவு பயமுறுத்துச்சுன்னா அரசு பல் மருத்துவக் கல்லூரிகளையும் பாருங்க. பல் சீரமைப்பு, முகத்தாடை அறுவைன்னு ரெண்டு துறையும் ஒரே கூரைக்குக் கீழ இருக்கறது இந்த வைத்தியத்துக்குப் பெரிய வசதி. காத்திருக்க வேண்டி வரலாம். இன்ஷூரன்ஸ் பாலிசிக்குப் பாலிசி மாறும். பல் வைத்தியம்னு தள்ளிடறாங்களா, தாடை ஆபரேஷன்னு ஏத்துக்கறாங்களான்னு எழுத்துல வாங்கிக்குங்க.

உங்களுக்கு 25 வயசு தாண்டியிருக்கலாம். ஆனா உங்க வீட்டுல ஒரு அக்கா பையனோ அண்ணன் பொண்ணோ இருக்கும். வாயைத் திறந்துகிட்டே தூங்குதா, கடிக்கும்போது தாடை ஒரு பக்கம் போகுதான்னு பாருங்க. அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர் சங்கம் ஏழு வயசுக்குள்ள ஒரு தடவை காட்டச் சொல்லுது. "பால் பல்லு எல்லாம் விழட்டும், அப்புறம் பாத்துக்கலாம்"னு வீட்டுல சொல்லுவாங்க. பல்லுக்காகக் காத்திருக்கலாம். அண்ணத்து நடுவுல இருக்கற அந்தக் கோடு நமக்காகக் காத்திருக்காது. அந்த வயசுல ஒரு சாவியோட முடியற வேலை இது.

கேள்விகள் இருந்தா அனுப்புங்க. எக்ஸ்ரேயைப் போட்டோ எடுத்து அனுப்பி "எனக்கு ஆபரேஷன் வேணுமா?"னு மட்டும் கேக்காதீங்க, அதை நேர்ல பார்க்காம யாராலயும் சொல்ல முடியாது. அடுத்த எபிசோடுல ரிட்டெய்னர் பத்திப் பேசலாம். கழட்டி டிஷ்யூவுல சுத்தி வெச்சுட்டு, தட்டோட சேர்த்துக் குப்பையில போட்டுட்டு வர்றவங்களுக்காகவே அது.